வீட்டுவரி பில்லிலை "லோக்கல் இம்ப்ரூவ்மென்ற்" எண்டு 2,312 டொலர். இது யாற்றை கடன்?

புதுவீடு_தேடி | திங்கள், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். நானும் மனிசியும் ஆறு மாசமாய் வீடு தேடி, கனடா ஒன்ராறியோவிலை, யோர்க் பிராந்தியத்தின்ரை வடக்குப் பக்கம் ஒரு பழைய வீட்டுக்கு ஒஃபர் போட்டிருக்கிறம். காணி பெரிசு, ரோட்டுப்பக்கம் 30 மீற்றர் வரும். விற்கிறவை ஒஃபரை ஏற்றுக்கொண்டினம். ஆனால் இப்ப கண்டிஷனல்தான் (நிபந்தனையோடை, இன்னும் விலகலாம்). பைனான்ஸுக்கும் இன்ஸ்பெக்ஷனுக்கும் வாற வெள்ளி பின்னேரம் வரை நேரம். குளோசிங், அதாவது வீடு கைமாறுற நாள், செப்டம்பர் 30.

மோட்கேஜ் (வீட்டுக்கடன்) பாக்கிறவர் இந்த வருசத்து வீட்டுவரி பில் கேட்டவர். விற்கிறவையின்ரை ஏஜென்ற் அனுப்பினதைப் பாத்தால், வழமையான வரிக்குக் கீழை தனியாய் ஒரு வரி: லோக்கல் இம்ப்ரூவ்மென்ற், 2,312.20 டொலர். லிஸ்டிங்கிலை வரி எண்டு போட்டிருந்த கணக்கிலை இது சேரேல்லை.

எங்கடை ஏஜென்றைக் கேட்டன். "அதுவும் வரிதான், எல்லா வீட்டுக்கும் வரும், யோசியாதேங்கோ" எண்டார். அடுத்த பட்டினத்திலை இருக்கிற சிநேகிதனிட்டைக் கேட்டால், தன்ரை பில்லிலை அப்பிடி ஒண்டும் இல்லையாம். 

இது என்ன? விற்கிறவை வைச்ச கடனா? எம்பாக் (வரிக்காக வீட்டுப் பெறுமதியை மதிக்கிற அமைப்பு) மதிப்பீடு கூடினதாலை வாறதா, அப்பீல் பண்ணினால் குறையுமா? வெள்ளிக்கு முதல் விளங்கவேணும். தெரிஞ்சவை சொல்லுங்கோ.

---

ஸ்காபரோ_அக்கா | திங்கள், இரவு 10:05

தம்பி, கவனம். எங்கடை ஆக்கள் கனபேர் வீட்டுக் கதவைத் தட்டி வந்தவையை நம்பி ஃபேர்னஸ், வோட்டர் ஹீற்றர் எண்டு வாடகைக்குக் கையெழுத்து வைச்சு, பிறகு வீட்டை விக்கப் போகேக்கைதான் காணி உறுதியிலை பத்து, இருபதாயிரம் ஏறி நிக்குது எண்டு கண்டவை. என்ரை மாமியின்ரை வீட்டிலையும் நடந்தது. வயசு போனவா, ஆங்கிலம் வாசிக்கமாட்டா. விக்கிற நேரம் காசு கட்டித்தான் கழட்டினது. இதுவும் அதுமாதிரித்தான் இருக்கும். லோயரிட்டைச் சொல்லி உறுதியைத் தேடச் சொல்லுங்கோ.

---

கோப்புக்காரி | திங்கள், இரவு 11:20

அக்கா, உங்கட மாமிக்கு நடந்தது வேறு. அது நோசி என்று சொல்கிற பதிவு. தனியார் கம்பெனி தன்ர வாடகைச் சாமானுக்காக உறுதியில் பதிந்து வைக்கிறது. வீட்டுப் பாவனைச் சாமான்களுக்கு அப்பிடிப் பதிகிறதை ஒன்ராறியோ அரசு 2024 ஜூன் மாதம் சட்டம் போட்டு நிறுத்திவிட்டது.

தம்பி கேட்கிறது நகரசபையின்ர கட்டணம். நான் வீடு வாங்கி விற்கிற கோப்புகள் பார்க்கிற ஒரு லோயர் ஒஃபிசில் கன வருசமாக வேலை செய்கிறேன். லோயர் இல்லை, உங்கட லோயரின்ர சொல்தான் முடிவு. ஆனால் இந்த விசயம் ஒவ்வொரு வருசமும் யாரோ ஒரு குடும்பத்தைத் தட்டுகிறதைப் பார்க்கிறேன், அதனால் விரிவாக எழுதுகிறேன்.

ஒரு தெருவுக்கு மட்டும் பயன் தருகிற வேலை ஒன்றை நகரசபை செய்கிறது என்று வையுங்கோ. கழிவுநீர்க் குழாய், தண்ணிக் குழாய், நடைபாதை, சத்தத் தடுப்புச் சுவர் மாதிரி. அந்தச் செலவை முழு ஊரின்ர வரியிலும் போடாமல், அந்தத் தெருக் காணிக்காரரிட்டையே பங்குபோட்டு வாங்கலாம். அதற்குத்தான் ஒன்ராறியோ ஒழுங்குவிதி 586/06 இருக்கிறது. ரொறன்ரோவுக்குத் தனியாக 596/06. அந்தப் பங்கை ஒரேயடியாகக் கட்டலாம், அல்லது வருசா வருசம் வட்டியோடு வீட்டுவரி பில்லில் கட்டலாம். உங்கட பில்லில் இருக்கிறது அந்த வருசத் தவணை.

எம்பாக் மதிப்பீட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்த மதிப்பீடு இன்னமும் 2016 ஜனவரி 1 பெறுமதியில்தான் நிற்கிறது. அதைக் குறைக்க அப்பீல் பண்ணினாலும் இந்தக் கட்டணம் ஒரு சதமும் குறையாது.

இப்ப முக்கியமான இடம். இந்தக் கடன் ஆளோடு போகாது, காணியோடு நிற்கும். மோட்கேஜ் மாதிரி உறுதியில் ஏறி நிற்கிறதும் இல்லை, வரிப் பதிவேட்டில்தான் இருக்கும். உறுதியைத் தேடிவிட்டு "சுத்தமாக இருக்கிறது" என்று லோயர் சொன்னாலும் இது உள்ளே இருக்கலாம். அதேநேரம் தவணை கட்டாமல் விட்டால் வீட்டுவரி மாதிரி மோட்கேஜுக்கும் முன்னால் போய் நிற்கும். அதனால்தான் வங்கிகள் இதைக் கவனிக்கின்றன.

நீங்கள் கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தை எடுத்து, அட்ஜஸ்ட்மென்ற் என்ற பந்தியை வாசியுங்கோ. ஏஜென்ற்மார் பாவிக்கிற வழமையான படிவத்தில் வீட்டுவரி, "லோக்கல் இம்ப்ரூவ்மென்ற் ரேட்ஸ் உட்பட", குளோசிங் நாள் வரை பிரிக்கப்படும் என்று அச்சடித்தே இருக்கும். கனபேர் அதை வாசித்துவிட்டு "அப்ப விற்கிறவர்தானே கட்டுகிறார்" என்று நினைக்கிறார்கள். இல்லை. பிரிக்கிறது இந்த வருசத் தவணையை மட்டும். 2,312 டொலரில் செப்டம்பர் 29 வரையான 272 நாளுக்கு அவர்கள் கிட்டத்தட்ட 1,723 டொலர், மிச்ச 589 நீங்கள். அடுத்த வருசத்திலிருந்து வாற தவணை எல்லாம் முழுக்க முழுக்க உங்கட தலையில். அதை மாற்றவேணும் என்றால் ஒப்பந்தத்தில் தனியாக ஒரு வசனம் எழுதவேணும். உங்களுடையதில் இருக்கிறதா?

---

புதுவீடு_தேடி | செவ்வாய், காலை 6:50

அக்கா, நித்திரையே வரேல்லை. இப்ப எடுத்துப் பாத்தன். நீங்கள் சொன்ன பந்தி அப்பிடியே இருக்கு. தனி வசனம் ஒண்டும் இல்லை. இன்னும் எத்தினை வருசம் கிடக்கு எண்டுகூட எனக்குத் தெரியாது.

---

கந்தோர்க்காரன் | செவ்வாய், காலை 8:15

தம்பி, பயப்பிடத் தேவையில்லை. நகரசபை வரிக் கந்தோரிலை இருந்து ஓய்வு பெற்றவன் நான். இது ஒளிச்சு வைக்கிற சமாச்சாரம் இல்லை, கேட்டால் சொல்லுவினம். கேக்கிற ஆள்தான் குறைவு.

ஊரிலை எங்கடை அப்பா நகரசபைக்குச் சோலைவரி கட்டினவர். அது வீட்டின்ரை பெறுமதியைப் பாத்து வாறது, இங்கத்தை வீட்டுவரியும் அந்த வழிதான். லோக்கல் இம்ப்ரூவ்மென்ற் அப்பிடி இல்லை. பெரும்பாலும் காணியின்ரை முகப்பு நீளத்தை வைச்சுத்தான் பங்கு. பத்து லட்சம் பெறுமதியான வீடும் இருபது லட்சம் பெறுமதியான வீடும் ரோட்டுப்பக்கம் ஒரே நீளம் எண்டால் ஒரே காசு. உங்கடை 30 மீற்றர் அகலம்தான் இஞ்சை வேலை செய்திருக்குது. மூலைக் காணி, கோணல் காணியளுக்கு நீளத்தைக் குறைச்சுக் கணக்குப் போட இடமிருக்கு. அந்தக் குறைப்பைக் கேட்காமல் விட்டுட்டுப் பிறகு வந்து கவலைப்பட்ட ஆக்களை நான் கவுண்டரிலை கண்டிருக்கிறன்.

இது ரெண்டு வழியிலை தொடங்கலாம். தெரு ஆக்களே மனுக் குடுக்கலாம். அதுக்குச் சொந்தக்காரரிலை மூண்டிலை ரெண்டு பங்குபேர் கையெழுத்து வைக்கவேணும், அவையின்ரை காணிப் பெறுமதி மொத்தத்திலை பாதியாவது வரவேணும். இல்லாட்டி நகரசபை தானாய்த் தொடங்கி ஆக்களுக்கு அறிவித்தல் அனுப்பும். வேலை முடிஞ்சு உண்மைச் செலவு தெரிஞ்ச பிறகு ஒவ்வொரு காணிக்கும் எவ்வளவு எண்டு ஒரு பட்டியல் போடுவினம். அதிலை பிழை இருந்தால் மறுபரிசீலனைக் குழுவுக்கு முன்னாலை போய்ச் சொல்லலாம். பட்டியல் முடிவானால் பிறகு அசைக்கேலாது.

இதிலை ஒரு இடைவெளி இருக்கு, வீடு வாங்குற ஆக்கள் விழுறது அதுக்குள்ளைதான். சட்டம் நிறைவேறி, ரோட்டைக் கிண்டி, குழாய் தாட்டு, எல்லாம் முடிஞ்சு பில்லிலை முதல் தவணை வாறதுக்கு ஒரு வருசம், ரெண்டு வருசம் போகலாம். அந்த நேரத்திலை வீட்டை வாங்கினால் பில்லிலை ஒண்டும் இராது. வரிச் சான்றிதழ் எடுத்தாலும் "நிலுவை இல்லை" எண்டுதான் வரும், ஏனெண்டால் இன்னும் கேக்கவே இல்லை. புதுத் தார் ரோட்டைக் கண்டால், புது மான்ஹோல் மூடியைக் கண்டால், அழகாய் இருக்கு எண்டு போகாமல், இந்தக் காசை யார் கட்டினது எண்டு கேளுங்கோ. 

இன்னொண்டு. கன இடங்களிலை வருசத்துக்கு ரெண்டு பில். முன்னுக்கு வாறது இடைக்கால பில், போன வருச வரியின்ரை பாதியளவு. லோக்கல் இம்ப்ரூவ்மென்ற் அதிலை பெரும்பாலும் இராது, இறுதி பில்லிலைதான் வரும். உங்களுக்கு இறுதி பில் கையிலை கிடைச்சது நல்ல காலம். மார்ச் மாசத்திலை வாங்கியிருந்தால் விற்கிறவை இடைக்கால பில்லைத்தான் காட்டியிருப்பினம், நீங்களும் கண்டிருக்கமாட்டியள்.

இண்டைக்கே வரிக் கந்தோருக்கு அடியுங்கோ. என்ன வேலைக்கு, மொத்தம் எவ்வளவு, வட்டி எத்தினை வீதம், எத்தினை தவணை கிடக்கு, இப்பவே முழுக்கக் கட்டினால் எவ்வளவு. அதோடை, அந்தத் தெருவிலை இன்னும் ஏதும் வேலைக்குத் தீர்மானம் வந்திருக்கோ எண்டும் கேளுங்கோ. அந்தக் கடைசிக் கேள்வியை எஞ்சினியரிங் பகுதியிட்டை கேக்கச் சொல்லுவினம். அங்கையும் அடியுங்கோ, அலுக்காதேங்கோ. சொந்தக்காரர் இல்லாதபடியால் சில விபரத்தை எழுத்திலை தரமாட்டினம், அதை உங்கடை லோயர் கடிதம் போட்டு எடுப்பார்.

---

மோட்கேஜ்_பக்கம் | செவ்வாய், மதியம் 12:30

மோட்கேஜ் வேலை செய்யிறனான், என்ரை பக்கத்தைச் சொல்லுறன். 2,312 எண்டால் மாசம் 193 டொலர். வங்கி உங்கடை வருமானத்தோடை பாக்கேக்கை இதை வரியோடை சேர்த்துத்தான் கணக்குப் போடும். மோட்கேஜ் இன்சூரன்ஸ் உள்ள கடனுக்கு வீட்டுச் செலவு வருமானத்திலை 39 வீதம், மற்றக் கடனும் சேர்த்து 44 வீதம் எண்டுதான் எல்லை. உங்கடை வட்டி ஐஞ்சு வீதம் எண்டால் ஸ்ட்ரெஸ் ரெஸ்ற் (வட்டி கூடினாலும் கட்டுவியளோ எண்டு வங்கி பாக்கிறது) ஏழு வீதத்திலை. 25 வருசக் கணக்கிலை மாசம் 193 டொலர் எண்டது கிட்டத்தட்ட 27,500 டொலர் கடன். அவ்வளவாலை உங்கடை எல்லை குறையும். எல்லைக்குக் கிட்ட நிக்கிற குடும்பத்துக்கு இது சின்னக் காசு இல்லை.

முதலிலை லிஸ்டிங்கிலை இருந்த வரியை வைச்சு அப்ரூவல் எடுத்திருந்தால், இப்ப உடனை புது எண்ணைக் குடுங்கோ. ஃபண்டிங்குக்கு, அதாவது வங்கி காசு விடுறதுக்கு, ரெண்டு நாள் முன்னம் வங்கி கண்டுபிடிச்சுக் கேக்கிறது கெட்ட கனவு.

---

புதுவீடு_தேடி | செவ்வாய், பின்னேரம் 5:10

நன்றி ஐயா, நன்றி அக்கா. வேலையிலை லீவு எடுத்துக்கொண்டு அடிச்சனான். மூண்டு தரம் மாத்தி விட்டவை, ஆனால் கடைசியாய்க் கதைச்ச பிள்ளை நல்லாய் விளங்கப்படுத்தினவா.

அந்தத் தெருவுக்குக் கழிவுநீர்க் குழாய் போட்டிருக்கினம். இந்தக் காணியின்ரை பங்கு 24,000 டொலர். 15 வருசம், 5 வீத வட்டி. இந்த வருசத்தோடை ஆறு தவணை முடியுது, இன்னும் ஒன்பது. இப்ப முழுக்கக் கட்டினால் 16,435 டொலர் வரும். தவணையிலையே போனால் ஒன்பது வருசத்துக்கு 20,810. வேறை வேலைக்குத் தீர்மானம் ஒண்டும் இல்லையாம்.

ஏஜென்றுக்குச் சொன்னன். "இவ்வளவு பெரிய விலையிலை 16 ஆயிரத்துக்காக வீட்டை விடப்போறியளோ" எண்டு கேக்கிறார். வீட்டை விட விருப்பமில்லை. ஆனால் 16 ஆயிரம் நாங்கள் ரெண்டுபேரும் ஒண்டரை வருசம் சேர்த்த காசு.

---

மேப்பிள்நிழல் | செவ்வாய், இரவு 8:45

நான் மற்றப் பக்கம் நிண்ட ஆள். போன வருசம் எங்கடை வீட்டை வித்தனாங்கள், எங்கடையிலும் இதே மாதிரி ஒண்டு இருந்தது. வாங்க வந்த பிள்ளையள் முழுக்கக் கட்டித் தரச் சொல்லிச்சினம். நான் ஏலாது எண்டனான். ஏன் எண்டு சொல்லுறன்.

எங்கடை தெருவிலை குழாய் போடேக்கை ஒரு கோடைகாலம் முழுக்கப் புழுதி. மனுவுக்கு வீடு வீடாய்ப் போனது நாங்கள். எட்டு வருசம் தவணை கட்டினது நாங்கள். அந்தக் குழாயை அடுத்த அம்பது வருசம் பாவிக்கப்போறது வாங்குறவை. தவணைமுறையின்ரை நியாயமே அதுதானே, பாவிக்கிற காலத்துக்கு அந்தந்த நேரம் இருக்கிற ஆள் கட்டுறது. இனி வரப்போற பயனுக்கும் விற்கிறவன் கட்டவேணும் எண்டு கேக்கிறது சரியில்லை.

---

கோப்புக்காரி | செவ்வாய், இரவு 9:30

மேப்பிள்நிழல், உங்கட நியாயத்தில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். சட்டமும் உங்கட பக்கம்தான், எழுதாவிட்டால் மிச்சம் வாங்குகிறவருக்கு.

ஆனால் விலை எப்படி வந்தது என்று பாருங்கோ. குழாய் வந்த தெருவில் வீட்டு விலை ஏறுகிறது. "கழிவுநீர்க் குழாய் இருக்கிறது" என்று லிஸ்டிங்கில் போட்டு அந்த ஏறின விலையை விற்கிறவர் முழுதாக வாங்குகிறார். அந்த விலையை ஏற்றிவிட்ட குழாயின்ர மிச்சக் கடனை வாங்குகிறவர் தனியாகக் கட்டினால், அவர் ஒரே குழாய்க்கு இரண்டு தரம் காசு கொடுக்கிறார். வாங்குகிறவருக்கு இது முதலே தெரிந்து, அதைக் கழித்து ஒஃபர் போட்டிருந்தால் நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். இந்தத் தம்பிக்குத் தெரியாமல் அல்லவா விலை முடிந்தது.

ஏஜென்ற் "எல்லா வீட்டுக்கும் வரும்" என்று சொன்னதுதான் எனக்குக் கோபம். வராது. அந்த ஒரு வசனத்தை நம்பி வெள்ளிக்கிழமை கண்டிஷனை எடுத்துவிட்டால் பிறகு கதைக்க இடமே இல்லை.

---

மேப்பிள்நிழல் | செவ்வாய், இரவு 10:00

தெரியாமல் முடிஞ்சது எண்டதை ஏற்கிறன். நான் என்ரை லிஸ்டிங்கிலை எழுத்திலை போட்டனான், மிச்சத் தொகையோடை. அதாலைதான் எனக்கு மனச்சாட்சி குத்தேல்லை. இந்தத் தம்பிக்கு விற்கிறவையும் போட்டிருக்கவேணும்.

---

கந்தோர்க்காரன் | புதன், காலை 7:30

தம்பி, இரவு படுத்த பிறகு ஒரு யோசனை வந்தது. குழாய் தெருவிலை இருக்குது. சரி. வீடு அதோடை இணைச்சிருக்கோ? பழைய வீடு, பெரிய காணி எண்டு எழுதியிருந்தியள். லோக்கல் இம்ப்ரூவ்மென்ற் காசு தெருக் குழாய்க்கும் காணி எல்லை வரைக்கும்தான். எல்லையிலை இருந்து வீட்டுக்கு வாற குழாய், வீட்டுக்காரன்ரை சொந்தச் செலவு. தவணை கட்டிக்கொண்டே செப்டிக் டாங்கிலை சீவிக்கிற ஆக்கள் எத்தினையோ பேர் இருக்கினம். வீட்டு இன்ஸ்பெக்டரை இண்டைக்கே கேளுங்கோ.

---

புதுவீடு_தேடி | புதன், பின்னேரம் 6:20

ஐயா, உங்கடை காலைத் தொட்டுக் கும்பிடவேணும். இன்ஸ்பெக்ஷன் இண்டைக்கு மத்தியானம் நடந்தது. நான் கேட்ட பிறகுதான் அவர் பின்வளவுக்குப் போய்ப் பாத்தவர். செப்டிக் டாங்க். இன்னும் பாவனையிலை. விற்கிறவை ஆறு வருசமாய்க் குழாய்க்குக் காசு கட்டியிருக்கினம், வீட்டை இணைக்கவே இல்லை!

மனிசி வெளியிலை நிண்டு அழுதவா. எனக்கு என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை.

---

வடக்குவீதி | புதன், இரவு 7:50

அழவேண்டாம் எண்டு தங்கச்சிக்குச் சொல்லுங்கோ. நாங்கள் இதைச் செய்து முடிச்ச குடும்பம். எங்கடை வீட்டிலை நடந்ததை அப்பிடியே எழுதுறன்.

நாங்கள் வாங்கேக்கை வீடு செப்டிக்கிலைதான். தெருவிலை குழாய் இருந்தது. கட்டாயம் இணைக்கவேணும் எண்டு சில நகரசபையள் காலக்கெடு வைக்கும், சிலது வைக்காது. எங்கடையிலை ரெண்டு வருசம் தந்தவை. முதல் வந்த ஒப்பந்தக்காரர் விலை சொல்லேக்கை குழாய் போடுறதை மட்டும் சொன்னவர். பழைய டாங்கை உறிஞ்சி எடுத்து, உடைச்சு, மண் நிரப்புறது தனிக் காசு எண்டதை வேலை பாதியிலை நிக்கேக்கைதான் சொன்னவர். கையெழுத்து வைக்க முதல் எல்லாத்தையும் ஒரே தாளிலை எழுதி வாங்காதது எங்கடை பிழை. பெர்மிற், இணைப்புக் கட்டணம், உடைஞ்ச டிரைவ்வேயைத் திரும்பப் போட்டது எல்லாம் சேர்த்து எங்களுக்கு 17 ஆயிரம் வந்தது. உங்கடை வீடு ரோட்டிலை இருந்து எவ்வளவு தூரம், பேஸ்மென்ற் கழிவு குழாயை விடத் தாழ்வோ எண்டதைப் பொறுத்துக் கூடும், குறையும். தாழ்வு எண்டால் பம்ப் வைக்கவேணும், அதுக்கும் விலை.

நாளைக்கே ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டுபோய் எழுத்திலை விலை எடுங்கோ. கையிலை தாள் இல்லாமல் விற்கிறவையோடை கதைச்சால் எடுபடாது.

---

எட்மன்டன்_பனி | புதன், இரவு 9:10

அல்பேர்ட்டாவிலை இருந்து எழுதிறன். இங்கையும் லோக்கல் இம்ப்ரூவ்மென்ற் வரி எண்டுதான் பேர். எட்மன்டனிலை பழைய குடியிருப்புகளைப் புதுப்பிக்கேக்கை நடைபாதையைத் திரும்பப் போடுற செலவிலை பாதி நகரசபை, பாதி வீட்டுக்காரர். அறிவித்தல் வந்தால் எதிர்ப்பு மனுவுக்கு 30 நாள். வீடு வாங்கி ஒரு மாசத்திலை அப்பிடி ஒரு கடிதம் வந்தால் குப்பையிலை போடாதேங்கோ. நாங்கள் பழைய சொந்தக்காரற்றை பேரிலை வந்த கடிதத்தைத் திறக்காமல் திருப்பி அனுப்பிப்போட்டம்.

---

வளைகுடா_வாசி | புதன், இரவு 11:55

கலிஃபோர்னியாவிலிருந்து. இங்கே புதுக் குடியிருப்புகளில் வீடு வாங்கும் நம்ம ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த பெயர் மெல்லோ-ரூஸ். 1978இல் வந்த பதின்மூன்றாம் பிரேரணை வீட்டுவரியை மதிப்பில் ஒரு சதவீதம் என்று கட்டிப்போட்டது. பள்ளி, சாலை, குழாய்க்கு வேறு வழி தேடி 1982இல் இந்தச் சட்டம் கொண்டுவந்தார்கள். வீட்டின் மதிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பரப்பளவையும் வீட்டு வகையையும் வைத்துப் போடுவார்கள். உங்கள் ஊரோடு உள்ள பெரிய வித்தியாசம், இங்கே அந்தச் சிறப்பு வரி பற்றிய அறிவிப்பை விற்பவர் வாங்கி வாங்குபவரிடம் தர வேண்டும். நேரில் கிடைத்தால் மூன்று நாளுக்குள், தபாலில் வந்தால் ஐந்து நாளுக்குள் ஒப்பந்தத்தை விட்டு விலகலாம். ஒன்ராறியோவில் அப்படி இல்லை என்பது இந்த இழையைப் படித்துத்தான் தெரிந்தது. வருத்தமாக இருக்கிறது.

---

கோப்புக்காரி | வியாழன், காலை 7:00

வளைகுடா_வாசி சொன்ன மாதிரி ஒரு கட்டாய அறிவிப்பு இங்கேயும் வரவேணும் என்று நான் கனகாலமாக நினைக்கிறேன். விற்கிறவர் நிரப்புகிற ஒரு விபரப் படிவம் இருக்கிறது, அதில் இப்படியான கட்டணம் உண்டா என்ற கேள்வியும் உண்டு. ஆனால் நிரப்பவேணும் என்று கட்டாயமில்லை, கன லோயர்மார் நிரப்பவேண்டாம் என்றே சொல்வார்கள்.

தம்பி, டைட்டில் இன்சூரன்ஸ் (வீட்டு உரிமைக் காப்புறுதி) பார்த்துக்கொள்ளும் என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம். வாங்குகிற நேரம் உங்களுக்குத் தெரிந்த விசயத்துக்கு அது காசு தராது. பில் உங்கட கையில் இருக்கிறது, இந்த இழையே சாட்சி.

விற்கிறவையிட்டை மூன்று விதமாகக் கேட்கலாம். குளோசிங்குக்கு முதல் அவர்களே முழுக்கக் கட்டிவிடுவது. அல்லது அட்ஜஸ்ட்மென்ற் ஸ்டேட்மென்ற்றில் அந்தத் தொகையை உங்களுக்குக் கழித்துத் தருவது. அல்லது விலையைக் குறைப்பது. மூன்றாவது கேட்க நல்லாயிருக்கும், ஆனால் விலை குறைந்தால் உங்கட கடன்தான் குறையும், குழாய்க்காரனுக்குக் கொடுக்கக் கையில் காசு வராது. கழித்துத் தருகிறது என்றால் வங்கிக்கும் சொல்லியே செய்யவேணும், மறைக்கக்கூடாது. முதலாவதுதான் சுத்தம். அதற்கு விற்கிறவையின்ர லோயரிட்டை எழுத்தில் உறுதிமொழி வாங்கவேணும், கட்டின ரசீதும் வேணும்.

இன்னொன்றையும் கேளுங்கோ, இந்த வீட்டில் சக்தி சேமிப்புத் திருத்தக் கடன் ஏதும் எடுத்திருக்கினமா என்று. 2012இல் ஒழுங்குவிதியைத் திருத்தின பிறகு யன்னல், ஹீற் பம்ப் மாதிரி வேலைக்கும் நகரசபை கடன் கொடுத்து இதே வழியால் வரி பில்லில் அறவிடலாம். ரொறன்ரோ 2014இல் தொடங்கினது, பிறகு ஒட்டாவாவும் தொடங்கினது. அதுவும் கட்டி முடிக்காவிட்டால் வீட்டோடுதான் வரும்.

---

புதுவீடு_தேடி | வெள்ளி, இரவு 8:30

எல்லாருக்கும் என்ன நடந்தது எண்டு சொல்லவேணும்.

நேற்று வடக்குவீதி அண்ணை சொன்னமாதிரி ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டுபோனன். குழாய், பெர்மிற், டாங்க் மூடுறது, டிரைவ்வே எல்லாம் ஒரே தாளிலை, 19,400 டொலர். பேஸ்மென்ற் உயரம் காணும், பம்ப் தேவையில்லை. அந்தத் தாளையும் வரி பில்லையும் வைச்சு லோயர் ஒரு திருத்தம் எழுதினவர். ஏஜென்ற் முதலிலை முகத்தைச் சுழிச்சவர், பிறகு தானே போய்க் கதைச்சவர்.

விற்கிறவை வயசுபோன தம்பதியள். பிள்ளையள் தூர இடத்திலை. இணைக்கிற வேலைக்குக் கையிலை காசு சேரேல்லை எண்டுதான் வருசம் வருசமாய்த் தள்ளினவையாம். எங்களை ஏமாத்த நினைச்சவை இல்லை எண்டது கதைக்கேக்கை விளங்கினது. முழுக்க ஏலாது எண்டிச்சினம். மிச்ச 16,435ஐயும் குளோசிங் நாளிலை தங்கடை காசிலை இருந்து கட்டிமுடிக்கிறதெண்டும், இணைப்பு வேலை எங்கடை செலவெண்டும் முடிஞ்சது. மேப்பிள்நிழல் அண்ணை, நீங்கள் எழுதினதை வாசிச்சபடியால்தான் ரெண்டையும் அவையிட்டையே கேக்க மனம் வரேல்லை.

வங்கிக்குப் புது எண் குடுத்தாச்சு. நாலு மணிக்குக் கண்டிஷனை எடுத்துட்டம்.

ஒரு கேள்வி மட்டும் கிடக்கு. அவை கட்டினது எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?

---

கோப்புக்காரி | வெள்ளி, இரவு 9:05

சந்தோசம் தம்பி. விற்ற காசிலிருந்து அவர்களின்ர லோயர் நேரே நகரசபைக்கு அனுப்புகிற மாதிரி ஒழுங்கு செய்யச் சொல்லுங்கோ. அந்த நாளுக்குரிய முழுத்தொகையைக் கந்தோரிட்டை முதலே எழுத்தில் எடுக்கவேணும், வட்டியாலை கொஞ்சம் மாறலாம். பிறகு நவம்பரில் நீங்களே வரிக் கந்தோருக்கு ஒருக்கா அடியுங்கோ. அடுத்த வருச இறுதி பில் வந்ததும் அந்த வரி இல்லை என்று பாருங்கோ, இருந்தால் அன்றைக்கே லோயரைக் கூப்பிடுங்கோ.

---

கந்தோர்க்காரன் | வெள்ளி, இரவு 9:40

குழாய் வேலையை நிலம் உறைய முதல் செய்யப் பாருங்கோ. அக்டோபர் கடைசி எண்டால் ஒப்பந்தக்காரரை இப்பவே பிடிக்கவேணும். டாங்க் மூடின படத்தையும் பெர்மிற் முடிச்ச தாளையும் கவனமாய் வைச்சிருங்கோ, நீங்கள் விக்கிற காலத்திலை வாங்க வாற பிள்ளைக்குக் காட்டவேணும்.